பந்தலுக்குள் வராத சமத்துவம்: கொச்சி யூதரும் கொங்கு நாடும்

வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவையிலிருந்து கொச்சிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அந்தச் சாலையின் மறுமுனையில், மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு சிறு சமூகம் தனக்குள்ளேயே ஓர் உரிமைப் போராட்டத்தைச் சந்தித்தது. போராடியவர்களும் யூதர்கள், அவர்களைத் தடுத்தவர்களும் யூதர்கள். இரு தரப்பாருக்கும் வேதம் ஒன்று, ஓய்வுநாள் ஒன்று, பேசிய மலையாளமும் ஒன்று. ஆனால் ஒரு தரப்பார் தொழுகைக்கூடத்தின் பெஞ்சிலும் மறு தரப்பார் முன்மண்டபத்தின் தரையிலும் உட்கார்ந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவை.

கொங்கு நாட்டு வாசகருக்கு இந்தக் காட்சி புதியதல்ல. ஆணவக் கொலைகள் வழியாகக் கடந்த பத்தாண்டுகளில் திருச்செங்கோடு, உடுமலை, மேட்டுப்பாளையம் ஆகிய பெயர்களை நாடு அறிந்துகொண்டது. கொச்சியின் அனுபவத்தைக் கொங்கின் அனுபவத்தோடு சேர்த்து வாசித்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. தெருவிலும் கோயிலிலும் கிடைக்கும் சமத்துவம் திருமணப் பந்தலின் வாசலில் நின்றுவிடுகிறது. அதை உள்ளே அழைத்துவரச் சட்டமும் தீர்ப்பும் தேவை. ஆனால் அவை மட்டும் போதா. வேலியை எழுப்பிய சமூகத்துக்குள்ளிருந்தே அதற்கு எதிரான குரல் எழ வேண்டும்.

தரையில் உட்கார்ந்தவர்கள்

கொச்சி யூதர்களின் பழைமைக்குச் சான்றாகச் செப்பேடுகள் இருக்கின்றன. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கு, குடை முதலிய சிறப்புரிமைகளை வழங்கினார். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தச் செப்பேடுகளைக் கொச்சி யூதர்கள் தங்கள் தலையாய செல்வமாகக் காத்துவந்தார்கள். இந்த மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்த இவர்களை மலபார் யூதர்கள் என்பர். மாளை, பரவூர், சேந்தமங்கலம், எர்ணாகுளம், மட்டாஞ்சேரி ஆகிய ஊர்களில் அவர்களுக்குத் தொழுகைக்கூடங்கள் இருந்தன.

1492இல் ஸ்பெயின் யூதர்களை நாடு கடத்தியது. அப்படித் துரத்தப்பட்டவர்களில் சிலர் அடுத்த நூற்றாண்டில் கொச்சியை அடைந்தார்கள். அரசர் அவர்களுக்கு அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568இல் அங்கே பரதேசித் தொழுகைக்கூடம் எழுந்தது. வந்தவர்கள் 'பரதேசிகள்' எனவும் 'வெள்ளை யூதர்' எனவும் ஏற்கெனவே இருந்தவர்கள் 'கறுப்பு யூதர்' எனவும் அழைக்கப்பட்டார்கள். மூன்றாவது ஒரு பிரிவும் இருந்தது. பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் எபிரேயத்தில் மெஷுக்ராரிம் எனப்பட்டார்கள். அவர்கள் பரதேசித் தொழுகைக்கூடத்தையே சார்ந்தவர்கள், ஆனாலும் அதன் முழு உறுப்பினர்கள் அல்லர். வேதச் சுருளை வாசிக்க அவர்களை யாரும் அழைப்பதில்லை. இறந்த பின்னும் அவர்களுக்கு இடுகாடு தனி.

ரத்தத் தூய்மை பேசிய ஒரு நாட்டிலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்தவர்களின் சமூகம், புதிய மண்ணில் தன் பங்குக்கு ரத்தத் தூய்மையைக் காவல் காத்தது என்பது இந்த வரலாற்றின் பெருந்துயரம். துன்பப்பட்டவர்கள் பிறருக்குத் துன்பம் தரமாட்டார்கள் என்று நம்ப நமக்கு ஆசை. வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. தங்களைச் சுற்றி எங்கும் சாதி ஆண்ட ஒரு சமூகத்தில் குடியேறியவர்கள், மதிப்போடு வாழ வேண்டுமானால் தங்களுக்குக் கீழே சிலர் இருந்தாக வேண்டும் என்ற பாடத்தை விரைவில் கற்றுக்கொண்டார்கள். நீலகிரியின் கோத்தர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாம், 1930களில் கொச்சி யூதர்களைப் பற்றியும் எழுதினார். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்களும் இந்தப் பிரிவினையில் சாதியின் சாயலைக் கண்டார்கள். யூத மதச் சட்டத்தில் இதற்கு இடமில்லை.

மதச் சட்டம் சொன்னது நேர் எதிரானது. ஒதுக்கப்பட்டவர்களோடு மண உறவு கொள்ளலாமா என்ற கேள்வி 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவில் இருந்த பெரும் சட்ட அறிஞர் டேவிட் இப்னு சிம்ராவிடம் போனது. சடங்கு நீராடலை முடித்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், அவர்களோடு மண உறவு கொள்ளத் தடையில்லை என்பது அவர் அளித்த தீர்ப்பு. அன்றைய யூத உலகில் அதைவிடப் பெரிய அதிகாரம் அதிகமில்லை. ஆயினும் மட்டாஞ்சேரியில் அந்தத் தீர்ப்பு நானூறு ஆண்டுகள் நடைமுறைக்கு வரவில்லை.

யூத காந்தி

தரையில் உட்கார வைக்கப்பட்ட மெஷுக்ராரிம் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சலேம். எர்ணாகுளத்திலும் சென்னையிலும் படித்துச் சட்டம் பயின்று எர்ணாகுளத்தில் வழக்கறிஞர் ஆனார். கொச்சி சமஸ்தானத்தின் சட்ட மேலவையில் 1925 முதல் 1931 வரையும், பின்னர் 1939 முதல் 1945 வரையும் உறுப்பினராக இருந்தார். தொழிலாளர்களைத் திரட்டினார். அவர் மேடையேறிப் பேசிய எர்ணாகுளத்து மேட்டுக்கு மக்கள் 'சலேம் குன்னு' என்றே பெயர் வைத்தார்கள். முழு விடுதலையே இலக்கு எனக் காங்கிரஸ் அறிவித்த 1929ஆம் ஆண்டு லாகூர் மாநாட்டில் அவரும் கலந்துகொண்டார். மக்கள் அவரை 'யூத காந்தி' என அழைத்தார்கள்.

சமஸ்தானத்தின் சட்ட மேலவையில் இடம் பெற்ற மனிதருக்குத் தன் தொழுகைக்கூடத்தில் ஒரு பெஞ்சு கிடையாது. அவர் முதலில் அந்தத் தொழுகையைப் புறக்கணித்தார். பின்னர் காந்தியிடம் கற்ற வழியில், தொழுகைக்கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகத்தை மேற்கொண்டார். பிள்ளைகளையும் அந்தப் போராட்டத்தில் நிறுத்தினார். பிரிந்து போய்த் தனிக் கூடம் கட்டும் வழியை அவர் நாடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவருடைய பிரிவினர் சிலர் கொச்சிக் கோட்டைப் பகுதியில் தனித் தொழுகை தொடங்கிப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. சலேம் கேட்டது இருக்கும் கூடத்திலேயே சம இடம். 1930களிலும் 1940களின் தொடக்கத்திலுமாகக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் உட்கார இடம் கிடைத்தது, பிறகு வேதம் வாசிக்கும் உரிமை கிடைத்தது.

இதே காலத்தில் கணவாயின் இந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1924இல் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, அதன் தலைவர்கள் சிறைப்பட்ட நெருக்கடியில் ஈரோட்டிலிருந்து புறப்பட்டுப் போனவர் பெரியார். இருமுறை சிறை சென்றார். மறு ஆண்டே ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கப்பட்டது. கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தார். சலேம் இரண்டாம் முறை சட்ட மேலவைக்கு வந்தபோது சமஸ்தானத்தின் நிர்வாகம் ஒரு கோவைக்காரர் கையில் இருந்தது. கொச்சியும் கொங்கும் ஒரே காலத்தின் காற்றைச் சுவாசித்தன. வைக்கம் கேட்டது தெரு, மட்டாஞ்சேரி கேட்டது பெஞ்சு. இரண்டும் கிடைத்தன. அடுத்த கேள்விதான் கடினமாக இருந்தது.

1950: ஒரு திருமணம்

சலேமின் மகன் பால்ஃபர் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரை விரும்பினார். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே கூடத்தில் தொழுதவர்கள். ஆயினும் 1950இல் அவர்களின் திருமணம் கொச்சியில் நடக்கவில்லை, பம்பாயில் நடந்தது. இரு பிரிவுகளுக்கும் இடையே வெளிப்படையாக நடந்த முதல் மணம் அதுவே.

பெஞ்சு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, நாடு விடுதலை அடைந்திருந்தது. அதே 1950இல் தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனாலும் ஒரே மதத்தைச் சேர்ந்த இருவர் தங்கள் தெருவில் மணம் செய்துகொள்ள முடியவில்லை. ஏனெனில் பெஞ்சில் இடம் கொடுத்தால் அருகில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் போதும். பெண் கொடுத்தாலோ பேரக்குழந்தைகளும் சொத்தும் குடும்பப் பெயரும் பொதுவாகின்றன. ஒரு பிரிவு தன்னைத் தனிப் பிரிவாக வைத்திருப்பதே மண உறவின் எல்லையால்தான். அந்த எல்லை போய்விட்டால் 'நாம்', 'அவர்கள்' என்ற பேச்சுக்கே பொருள் இருக்காது. சாதியின் அடித்தளம் அகமணமே என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதியது இதைத்தான்.

எல்லையைக் காத்ததால் பரதேசிச் சமூகம் அடைந்தது என்ன? மிகச் சிறிய வட்டத்துக்குள்ளேயே மணத் தேர்வு முடங்கியது. 1950களில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பரதேசிகளும் படிப்படியாகக் குறைந்து, இன்று மட்டாஞ்சேரியில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. புலம்பெயர்வே இதற்கு முதற்காரணம். ஆனால் சில நூறு பேர் மட்டுமே இருந்த ஒரு சமூகம், பக்கத்து வீட்டு யூதரை மண உறவுக்கு ஆகாதவர் என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கியதும் அந்தச் சுருக்கத்துக்குத் துணைபோனது. சலேம் இஸ்ரேலுக்குக் குடியேறாமல் கொச்சியிலேயே வாழ்ந்து 1967இல் காலமானார்.

எருசலேமில் இந்தியர்களின் மறியல்

மண உரிமைக்காக இந்திய யூதர்கள் நடத்திய இன்னொரு போராட்டம் இந்தியாவுக்கு வெளியே நடந்தது. கொங்கணக் கடற்கரையிலும் மும்பையிலும் வாழ்ந்த பெனே இஸ்ரயேல் சமூகத்தார் எண்ணெய் ஆட்டும் தொழிலைச் செய்துவந்தார்கள். சனிக்கிழமையில் செக்கை நிறுத்திவிடுவதால் அந்தக் கிழமையின் பெயராலேயே ஊரார் அவர்களை அடையாளம் கண்டார்கள். 1948க்குப் பின் பல்லாயிரம் பேர் இஸ்ரேலில் குடியேறினர். அங்கே யூதர்களின் திருமணம் மதத் தலைமையின் கையில் இருக்கிறது. பதிவுத் திருமணம் என்ற ஏற்பாடு அந்த நாட்டில் இன்றுவரை இல்லை.

1962இல் தலைமை மதபீடம் ஓர் ஆணை பிறப்பித்தது. பெனே இஸ்ரயேல் ஒருவர் வேறு பிரிவு யூதரை மணக்க விரும்பினால், அவருடைய முன்னோரின் மணங்களும் மணமுறிவுகளும் மதச் சட்டப்படி நடந்தனவா என்று விசாரிக்க வேண்டும் என்றது அது. பாட்டி, பூட்டி என்று பின்னோக்கிப் போகும் விசாரணை இது. மற்ற யூதர்களிடம் பொதுவாகக் கேட்கப்படாத சான்று இவர்களிடம் கேட்கப்பட்டது. இந்தியாவில் யூதர் என்ற காரணத்துக்காக யாராலும் துன்புறுத்தப்படாதவர்கள், யூதர்களின் நாட்டில் தங்கள் யூதத்தன்மையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். 1964 கோடையில் குழந்தைகளோடு எருசலேமுக்கு வந்து நாள்கணக்கில் மறியல் செய்தார்கள். ஆகஸ்டில் இஸ்ரேல் நாடாளுமன்றம் இதற்கென்றே கூடி, பெனே இஸ்ரயேல் மக்கள் எல்லா வகையிலும் மற்ற யூதர்களுக்குச் சமமானவர்கள் என்று தீர்மானம் இயற்றியது. அந்த மாத இறுதியில் மதபீடம் தன் ஆணையைத் திருத்தியது, அவர்களின் பெயரைக் குறிப்பிட்ட பகுதி நீங்கியது. கெய்ரோவிலிருந்து வந்த தீர்ப்பு நானூறு ஆண்டுகள் கிடப்பில் இருந்தது. எருசலேம் ஆணையோ திரண்ட மக்களின் முன் மூன்றே ஆண்டுகளுக்குள் மாறியது. முதல் தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்டு யாரும் தெருவில் நிற்கவில்லை, இரண்டாவதை மாற்றக் கேட்டு ஒரு சமூகமே நின்றது.

அமெரிக்க யூதர்களின் பங்கு வேறு வகையானது. அங்கே அவர்கள் தங்களுக்காக மட்டும் போராடவில்லை, பிறருக்காகவும் நின்றார்கள். 1964இல் மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பணியாற்றிக் கொல்லப்பட்ட மூன்று இளைஞர்களில் ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் இருவரும் யூதர்கள். 1965இல் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தவர்களில் மத அறிஞர் ஆபிரகாம் ஹெஷலும் ஒருவர். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுத்த சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 ஜூனில் லவ்விங் வழக்கில் ரத்து செய்தது. அந்தத் தம்பதிக்காக வாதாடிய பெர்னார்ட் கோஹன், பிலிப் ஹிர்ஷ்காப் இருவரும் யூத வழக்கறிஞர்கள். தன்பாலினத்தவரின் பதிவுத் திருமண உரிமையை 1996இலேயே ஆதரித்தது சீர்திருத்த யூத மதகுருக்களின் அமைப்பு. 2013இல் அந்த உரிமைக்கு வழி திறந்த வழக்கைத் தொடுத்த ஈடித் விண்ட்சரும் யூதரே. விலக்கப்பட்டதன் நினைவைத் தன்னைக் காக்கும் வேலியாக்கிக்கொள்ளலாம், பிறருக்குத் துணை நிற்கும் கடமையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஒரே மக்கள் இரண்டையும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1967: தமிழ்நாட்டின் சட்டம்

லவ்விங் தீர்ப்பு வந்த அதே 1967இல்தான் தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த மணத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காத்திருப்பு. இடையில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணங்கள் சட்டப்படி செல்லா என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் அது திருமணம். முன்பு நடந்த மணங்களும் செல்லுபடியாயின. வழக்கறிஞர் அலுவலகத்தில் நான்கு பேர் முன்னிலையில் நடந்தாலும் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கொங்கு நாட்டுக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. கொங்கு வேளாளர் திருமணத்தில் புரோகிதரை நம்பாத மரபு பழையது. அருமைக்காரர் சீர்களை நடத்துவார், நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார், பல சாதியாருக்கும் அங்கே கடமைகள் உண்டு. புரோகிதர் இல்லாமல் மணம் முடிக்கலாம் என்பதை இந்த மண் முன்பே அறியும். ஆகவே சுயமரியாதைத் திருமணத்தின் ஒரு பாதி, சடங்கை விடுவது, கொங்குக்கு எளிது. மறுபாதியான சாதியை விடுவதுதான் கடினம். சாதிக்குள்ளேயே, கூட்டம் பார்த்து நடத்தப்படும் சீர்திருத்தத் திருமணங்கள் இங்கே குறைவில்லை. பந்தலில் நின்று வாழ்த்துப் பாட நாவிதர் வேண்டும், அந்தப் பந்தலில் சம்பந்தியாக அவர் வரக்கூடாது. மட்டாஞ்சேரியின் முன்மண்டபத்தில் நடந்ததும் இதுவே.

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் தலித், அந்தப் பெண் கொங்கு வேளாளர். அடுத்த நாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவருடைய உடல் கிடந்தது. ஆணும் பெண்ணும் பாதிப் பாதியாய் ஓருடலில் நிற்கும் தெய்வத்தின் சந்நிதியில் இருவர் பேசியதே குற்றமாயிற்று. சாட்சிகள் பிறழ்ந்த வழக்கில் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றானது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் சென்று பார்த்தார்கள். 2023 ஜூனில் பெரும்பாலோரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், குமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா படுகாயத்தோடு உயிர் தப்பினார். பொள்ளாச்சிக் கல்லூரியில் பழகி, மணந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் 2019 ஜூனில் காதலர் இருவரை ஆணின் சகோதரரே வெட்டிக் கொன்றார். 2025 ஜனவரியில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. இம்மூன்றிலும் குற்றம் செய்தவர்கள் ஒரே சாதியினர் அல்லர். எனவே ஒரு சாதியை மட்டும் சுட்டிவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொள்ள முடியாது. மூன்றிலும் மாறாமல் நின்றது ஒன்றுதான்: இருவரில் ஒருவர் தலித்.

உள்ளிருந்து எழும் குரல்

உடுமலை வழக்கில் கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பின் போக்கு எப்படியிருந்தாலும் அவர் செய்தது வரலாற்றில் நிற்கும். சங்கர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுத் தொடர்ந்து பேசிவந்தார். சாதியால் இழந்தவர் பேசுவது நீதிக்கான குரல். அந்தச் சாதிக்குள் பிறந்து, அதன் பெருமையால் தனக்கு ஆதாயம் இருந்தும், 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்வது அந்த அமைப்பின் ஆணிவேரைத் தொடும் செயல். பால்ஃபரை மணந்த பரதேசிப் பெண் செய்ததும் அதுவே. சலேமின் சத்தியாக்கிரகத்தை நாம் நினைவுகூர்கிறோம். பெஞ்சை உடைய வீட்டிலிருந்து எழுந்து வந்த அந்தப் பெண்ணின் துணிவையும் அதற்கு இணையாக நினைவுகூர வேண்டும்.

சட்டம் செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. வயது வந்த இருவரின் மணத்தில் சாதிக் கூட்டங்கள் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்களும், மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் வேண்டும் என்றது. தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் முப்பது நாள் அறிவிப்பு, வீட்டை விட்டு வந்த இணையருக்கு ஆபத்தான நாட்களாகிறது. அது மாற வேண்டும்.

சமத்துவத்தின் எல்லை சாதியோடு முடியவும் இல்லை. திருநங்கையும் சட்டத்தின் கண்ணில் மணமகளே என்று 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடிக் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தை முன்வைத்துத் தீர்ப்பளித்தது. தன்பாலின இணையருக்குத் திருமண உரிமையை வழங்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்தது. எனினும் திருமணம் ஒன்றே குடும்பத்துக்கு வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. யார் யாரோடு வாழ்வது என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டும் என்ற கொள்கை ஒன்றுதான். சாதி மறுப்புத் திருமணத்தை ஆதரித்துவிட்டு இதில் மட்டும் தயங்குவது அந்தக் கொள்கையைப் பாதியில் விடுவதாகும்.

நீதிமன்றம் எல்லையை அழிக்கலாம், வீடு அதை மீண்டும் வரைந்துவிடும். டேவிட் இப்னு சிம்ராவின் தீர்ப்புக்கு நேர்ந்தது சக்தி வாஹினி தீர்ப்புக்கும் நேராமல் பார்த்துக்கொள்வது சமூகத்தின் வேலை. கொங்கு நாட்டில் அந்த வேலை, திருமண மண்டபங்களும் நூற்பாலைகளும் கல்லூரிகளும் நடத்தும் சமூகங்களின் மூத்தவர்களிடம் இருக்கிறது. தங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மகள் தேர்ந்தெடுத்தவரை மருமகனாக ஏற்கிறேன், சாதி கேட்கவில்லை என்று சொன்னால், அது நூறு கருத்தரங்குகளுக்கு நிகர். பெரியார் தன் தங்கை மகளான இளம் விதவைக்கு மறுமணம் செய்துவைத்தபோது முதலில் எதிர்த்தவர்கள் அவருடைய உறவினர்களே. அவர் அதைத் தன் குடும்பத்திலிருந்தே தொடங்கினார். கொங்கு நாட்டுக்கு இந்தத் துணிவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது இங்கே பிறந்தது, அதை வீட்டுக்கு வீடு மீண்டும் கையில் எடுப்பதே இப்போதைய கடமை.